பின்வேலிப் பைனுக்குச் சீலை கட்டினது

…அப்ப முன்வீட்டுக்காரி மரத்தை வெட்டத்தான் போறாவாமோ? வெயில் வரேல்லையாமோ? பிள்ளை, நீ இங்கிலீசு தெரிஞ்சவள், அவசரப்படாதை எண்டு அவவுக்கு ஒருக்காச் சொல்லு. நான் மரம் வெட்டுவிச்சுப் பட்ட பாடு போதும். இரு, அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இரு, சொல்லுறன்.

சிட்னிக்கு வர முந்தி நாங்கள் மெல்பேணில, ஊர் முடியிற இடத்தில இருந்தனாங்கள். எந்த ஆண்டெண்டு என்னைக் கேளாதை. இஞ்சை கலர் ரிவி வந்த வருசம், பேரன் பிறந்த வருசம், அவ்வளவுதான் தெரியும். மூண்டாம் மாசமே மகள் திரும்ப வேலைக்குப் போட்டாள். அவளும் மருமோனும் விடிய ஏழுக்குக் காரில வெளிக்கிட்டா, பொழுதுபடத்தான் வருவினம். பதினொரு பேர் சாப்பிட்ட வீட்டில இருந்து வந்த நான், சுவரோட கதைச்சுக்கொண்டிருந்தன். வெளியில போவமெண்டா பஸ்ஸில என்ன எழுதியிருக்கெண்டு தெரியாது. பின்வளவில நிண்டு கிழக்கை பாத்தா, வேலிக்கு அங்கால பைன் மரம், எட்டு வரிசை, மதில் மாதிரி. ஒரு வெள்ளைக்காரக் கிழவற்ற பேரிக்காய்த் தோட்டத்துக்கு அதுதான் காத்து மறைப்பு. சூரியன் பதினொரு மணிக்குத்தான் எங்கட பக்கம் எட்டிப் பாக்கும். ஜெயில்தான் பிள்ளை, பாலும் பிஸ்கட்டும் குடுக்கிற ஜெயில்.

எண்ணெய் பூசி இளவெயில் காட்டாமல் குழந்தை வளக்கேலுமே? பதினொரு மணி வெயில் இளவெயிலே? எங்கட வேலிப்பக்கத்து மூண்டு வரிசையை வெட்டச் சொல்லிக் கேளெண்டு மகளை அரிச்சன்.

"அம்மா, அது அவற்ற மரம். எங்களுக்காண்டி வெட்டுவாரே?"

"கேட்டா வாய் தேஞ்சு போகுமே?"

கேட்டாள். நல்ல மனிசன், குழந்தையைப் பாத்துச் சிரிச்சார், வெட்டிப்போட்டார். எட்டரைக்கே வெயில்! எனக்கு என்ன புளுகம், என்ன சந்தோசம் தெரியுமே!

பிறகு தை மாசம் வந்துது. இஞ்சை தையெண்டா நெருப்பெல்லோ. உள்ளுக்க நிண்ட நாலாம் வரிசை இப்ப ஓரத்துக்கு வந்திட்டுது. பாக்கப் பாவம், உச்சியில மட்டும் குடுமி மாதிரிக் கொப்பு, கீழ முழுக்க மொட்டை. பின்னேர வெயில் நேர அடியிலயே அடிச்சுது. மாசி முடிய முதல் ஒரு மரம் செம்பட்டையாச்சு, பிறகு ரெண்டு. அடியில கோப்பித்தூள் மாதிரித் தூள், பட்டையெல்லாம் பிசின்.

கிழவர் கத்தியால பட்டையை உரிச்சுக் காட்டினார். உள்ளுக்க அரிசி அளவில கறுத்த வண்டு. அது திண்ட தடம் ஆரோ எழுதி வைச்ச மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போச்சுது. கடிதம் வாசிக்கத் தெரியாத எனக்கும் அது விளங்கிச்சுது.

சனிக்கிழமை மகள் அவரோட கதைச்சுப்போட்டு வந்து சொன்னாள். "ஓரத்திலயே வளர்ந்த மரமெண்டா நிலம் வரைக்கும் கொப்பு விடுமாம், பட்டையும் தடிப்பாம். இதுகள் நடுவில, மற்றதுகளின்ர நிழலில வளர்ந்ததுகள். வெயில் சுட்டுத் தண்ணி வத்தினா, பிசின் விட்டு வண்டைத் தள்ளேலாதாம். செத்ததுகளை வெட்டினா அடுத்த வரிசை ஓரமாகுமாம். பிறகு அதுக்கும் இதே கதிதானாம்."

"அப்ப அவற்ற பேரிக்காய்?"

"மறைப்பில்லாட்டிப் பூவெல்லாம் காத்தோட போகும். இப்ப சந்தோசமே அம்மா?"

எல்லாம் என்ர ஆசையால வந்த வினை. அந்த மனிசனிட்ட மன்னிப்புக் கேக்கவும் பாசை இல்லை. மரமும் ஓடேலாது, நானும் ஓடேலாது. வேலிக்கு ரெண்டு பக்கமும் நிண்டு ஆளையாள் பாத்தம்.

திங்கட்கிழமை மகளும் மருமோனும் வேலைக்குப் போனாப்பிறகு, என்ர பருத்திச் சீலை ஏழையும் தள்ளுவண்டிலில குழந்தையின்ர காலடியில அடைஞ்சுகொண்டு வேலிக்கு அங்கால போனன். பச்சையாய் நிண்ட மரங்களாய்ப் பாத்து, வெயில் படுற உயரத்துக்குச் சுத்திக் கட்டினன். பட்டுச் சீலையைத் தொடேல்லை. அதையும் கட்டியிருந்தா மருமோன் எனக்கு விசரெண்டு ஆஸ்பத்திரிக்கு ஏத்தியிருப்பார்!

கிழவர் வந்தார். சிரிச்ச சிரிப்பில பல்லுச் செட்டைக் கையால பிடிச்சுக்கொண்டார். நான் சூரியனைக் காட்டினன், மரத்தில கையை வைச்சு, "ஹொட், ஹொட்" எண்டன். மனிசன் சிரிப்பை நிப்பாட்டினார். அடுத்த நாள் சாக்குக் கட்டோட வந்தார். சீலையை அவிட்டு வடிவாய் மடிச்சும் தந்தார், எங்கட ஆம்பிளையள் மடிப்பினமே அப்பிடி? நாலு நாள் ரெண்டுபேருமாய்ச் சாக்குக் கட்டினம். வண்டு பிடிச்சதுகளை வெட்டி, மழை வந்தாப்பிறகு எரிச்சார்.

வரிசையில பாதிக்கு மேல தப்பிட்டுது பிள்ளை! ஆனா சாக்கு எத்தினை கோடைக்குத் தாங்கும்? எங்கட வேலியோட புதுக்கண்டு நட்டா, அதுகள் ஓரத்துப் பிள்ளையளாயே வளர்ந்து மறைக்குமெண்டார். "உங்கட வெயில் போயிடும், கொம்மாவுக்குப் பறவாயில்லையோ?" எண்டு மகளிட்டக் கேட்டவராம்.

"ஓமெண்டு சொல்லு" எண்டன்.

குளிர் தொடங்க நட்டம். ஒவ்வொண்டுக்கும் நான்தான் வாளியில தண்ணி ஊத்தினனான். என்ர ஜெயிலுக்கு நானே மதில் கட்டினன், அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டு! அஞ்சாறு வருசத்தால நாங்கள் இஞ்சாலை சிட்னிக்கு வெளிக்கிடேக்க அதுகள் கூரை உயரத்துக்கு, கொப்பு நிலத்தில முட்ட நிண்டுதுகள். காலமை வெயில் எட்டரையில இருந்து பத்து மணிக்குப் போட்டுது. கிழவர் பேரிக்காய் ஒரு பெட்டி கொண்டுவந்து… ஐயோ, குப்பை லொறி எங்கட தெருவுக்குத் திரும்புது! எங்கட குப்பை வாளி இன்னும் பின்பக்கம். எழும்பு பிள்ளை, வழியை விடு.