யாரிடமும் கேட்காமல் தேடியது

என் அம்மாவுக்குச் சித்தம் கலங்கிய வருஷம், நாங்கள் சங்கரன்கோவிலில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் சக்கரம் பதித்திருக்கும். கலங்கினவர்களை அதில் உட்காரவைத்துக் கும்பிட்டால் தெளிந்துவிடும் என்பது நம்பிக்கை. தினமும் காலையில் அப்பா அம்மாவைக் கூட்டிப்போய் உட்காரவைப்பார். எங்கள் ஊரான பனவடலிசத்திரத்தில் சொந்தக்காரர்களிடம், வயிற்றுவலிக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லி வைத்திருந்தோம். எனக்கு ஒன்பது வயது. யாராவது கேட்டால், எந்தப் பக்கம் வலி என்றுகூடத் தொட்டுக் காட்டுவேன்.

எங்களைப் போல வந்து தங்குகிறவர்கள் அந்தத் தெருவுக்குப் புதிதில்லை. ஆனால் அந்தத் தெருப் பெண்களை எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா கோவிலிலிருந்து வந்ததும் யாராவது ஒருத்தி வாசலில் வந்து நிற்பாள். "மதினி, ரெண்டு மிளகாவத்தலுக்குக் காம்பு கிள்ளித் தாரியளா?" என்பாள். மறுநாள் இன்னொரு வீட்டில் உளுந்து புடைக்கக் கூப்பிடுவார்கள். அம்மாவும் பேசாமல் எழுந்து போவாள். ஊரில் எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் உண்டு. இங்கே என் அம்மாவைச் சம்பளமில்லாத வேலைக்காரி ஆக்கிவிட்டார்களே என்று குமைந்தேன். அவள் கிள்ளிப் போட்ட வற்றலில் பாதி காம்போடேதான் கிடக்கும். அதனால் அவர்களுக்கு என்ன லாபம் என்று நான் யோசித்ததில்லை.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா. அன்று மத்தியானம் அப்பா சற்றுக் கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது அம்மா அறையில் இல்லை. வெளியே சுற்றுப்பட்டு ஊர் முழுக்கத் தெருவில் நின்றது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, யார்ட்டயும் கேக்கக் கூடாது. சாமி பாக்கப் போற மாதிரி வா."

சாமி பார்க்க வந்தவர்கள் போலத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஓர் ஓலைக் காற்றாடி வாங்கித் தந்தார். அதைச் சுற்றவிட்டுக்கொண்டே நான் அம்மாவைத் தேடினேன். தெப்பக்குளத்துப் படியில் அப்பா வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன பார்க்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னார்.

ரத வீதியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, யாரையும் தேடுதியளா?"

"இல்ல வே. புள்ளைக்குச் சாமி காட்டுதேன்."

அவர் அப்பாவையே ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே திரும்பிப் போனார்.

சாயங்காலம் அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுத்த நேரத்தில் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியும் வற்றலும் வீசினார்கள். எல்லாத் தலையும் சாமி பக்கம் திரும்பியிருக்க, அப்பா மட்டும் பெண்கள் நின்ற பக்கமே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்ட ஒருவர், பொம்பளைகளைப் பார்க்கவா தபசுக்கு வந்தீர் என்று அதட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா அதற்கும் தலையைக் குனிந்துகொண்டாரே தவிர, என் பெண்டாட்டியைத் தேடுகிறேன் என்று சொல்லவில்லை.

விளக்கு வைத்தபின் திரும்பினோம். எதிர்வீட்டு முன்கட்டில் நாலைந்து பெண்கள் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா. முடிச்சு விழாத பூவெல்லாம் மடியில் உதிர்ந்து கிடந்தது.

"மத்தியானம் அவுக பாட்டுக்கு நடந்து போனாவ," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "நானும் கூடவே நடந்து போயி, பூக்கட்ட ஆளில்லன்னு கூட்டியாந்தேன். ஒங்களுக்குச் சொல்லத்தான் எங்க வீட்டுக்காரவுகள அனுப்புனேன். சாமி காட்டுதேன்னு சொன்னியளாம். நாலு பேரு முன்னால எப்படிச் சொல்லன்னு வந்துட்டாவ. ஒரு வார்த்த கேட்டிருந்தியன்னா சொல்லியிருப்பாவல்லா."

பூக்கட்டியவர்களில் ஒருத்தி நிமிராமலே சொன்னாள்: "நானும் அந்தச் சக்கரத்துல இருந்து எந்திரிச்சவதான் அண்ணாச்சி. என்னையும் இப்படித்தான் பூக்கட்டக் கூப்பிட்டாவ."

அதுவரை அந்த வீட்டுப் படியை மிதிக்காத அப்பா, அதிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. காற்றாடியால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இப்போது என் மகளுக்குப் பத்தொன்பது வயது. சித்திரையிலிருந்து காலேஜுக்குப் போகவில்லை. இல்லாத யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு உள்ளறையில் நடக்கிறாள். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். தெருவில் கேட்பவர்களுக்கு, மதுரையில் மாமா வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரி முருங்கைக்கீரைக் கொப்போடு வாசலில் வந்து நின்றாள்.

"பாப்பா இருக்காளா மதினி? கீரை உருவ ஒரு ஆளு வேணும்."

அவள் மதுரையில் இருக்கிறாளே என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளே கொலுசு, சுவருக்குச் சுவர் நடந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது.

அவள் என்னையே ஒரு கணம் பார்த்தாள். ரத வீதியில் எதிர்வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்த அதே பார்வை. அன்று எனக்கு அது விளங்கவில்லை.

நேற்று விளங்கியது. விளங்கியும், கதவைச் சாத்தினேன்.