செக்கிங் ஏறணும்

“நெம்மேலி, நெம்மேலி! எறங்குறவங்க முன்னாடி வா!” என்று தனக்குத்தானே குரல் கொடுத்துவிட்டு, பூபாலன் வலப்பக்கம் புரண்டு படுத்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்கு அது ஐந்தாவது திங்கட்கிழமை. குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் மருந்தை விட்டால் இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும். கால் மணிக்கு ஒருதரம் புரண்டு படுக்க வேண்டும். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவருக்குச் செங்கல்பட்டிலிருந்து கோவளம் வரை எட்டு நிறுத்தம் போதும்.

அடக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை. இருபத்திரண்டு வருஷக் கண்டக்டர். கூட்டம் ஏறிவிட்டால் அவர் அவசரத்துக்கு எந்த வண்டி நிற்கும்? காதோரம் பேனா, சட்டைப் பையில் பீடிக்கட்டு. அந்தப் பீடிதான் வினையாக வந்தது. சிறுநீரில் ரத்தம் கண்ட அன்று கட்டைத் தூக்கிக் கடலில் எறிந்தார்.

சிறுநீர்ப்பையில் இருந்த புற்றுநோய்க் கட்டியைச் சுரண்டி எடுத்தாயிற்று. மறுபடி முளைத்தால் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு, சிறுநீர் வடிய வயிற்றில் ஒரு பையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கண்டக்டர் வேலைக்கு அன்றோடு கும்பிடு. அதைத் தடுக்கத்தான் இந்த மருந்து. பிறந்த குழந்தைக்குக் கையில் போடுகிற அதே காசநோய்த் தடுப்பு மருந்து.

“பீடிப் புகையால வருஷக்கணக்கா புண்ணான இடம் அது. உடம்போட காவல்காரங்க பக்கத்துல இருந்தும் கட்டியைக் கண்டுக்கல. இந்த மருந்துல இருக்குற கிருமி உள்ளே போனா முழிச்சுப்பாங்க” என்றார் டாக்டர் ஹரிப்ரியா.

பூபாலன் அதை மனைவி செங்கம்மாளுக்குத் தன் பாஷையில் விளக்கினார். “டிக்கெட் எடுக்காதவன் ஒர்த்தன் உள்ள குந்திகினு கீறான். செக்கிங்குகாரன் தூங்கிகினு கீறான். இந்த மருந்து போயி ராவடி பண்ணும். செக்கிங் எழுந்து ஏறுவான். ஏறுனா, அந்த டிக்கெட் இல்லாதவன் மாட்டுவான்!”

சொன்னவர் யார்? ஒரே வாரத்தில் இரண்டு மெமோ வாங்கியவர். செக்கிங்குகாரர்களின் ஏழு தலைமுறையையும் ஏசியவர். இப்போது அவர்கள் ஏற வேண்டுமென்று திருக்கழுக்குன்றத்து மலையைப் பார்த்துக் கும்பிடுகிறார்!

காய்ச்சல் வந்தால்தான் செக்கிங் ஏறியதாக அவர் கணக்கு. நான்கு வாரமாக எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. “எல்லாருக்கும் காய்ச்சல் வரணும்னு இல்ல” என்று டாக்டர் சொல்லியும் மனுஷன் கேட்கவில்லை, சோறு இறங்கவில்லை. அந்த ஐந்தாவது திங்கட்கிழமை சாயங்காலம் உடம்பு அனலாய்ச் சுட்டது.

“இன்னாய்யா, இப்டி கொதிக்குது!” என்று பதறினாள் செங்கம்மாள்.

போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே சிரித்தார். “ஏறிட்டாங்கடி! செக்கிங் ஏறிட்டாங்க!”

டாக்டர் கொடுத்த மாத்திரையில் மறுநாளே காய்ச்சல் இறங்கியது. மூன்று மாதம் கழித்து உள்ளே கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், “சுத்தமா இருக்கு. ஆனா மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டணும்” என்றார். ஜெயித்த சந்தோஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பூபாலன் ஊதிய விசிலுக்கு ஆட்டோக்காரர்கள் வண்டியை நகர்த்தி வழிவிட்டார்கள்.

மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள், பட்டிபுலத்தில் கைகாட்டி நிறுத்தி ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். “காலங்காத்தால பேஜாரு” என்று முணுமுணுத்தார் டிரைவர்.

பூபாலன் எழுந்தார். தோள் துண்டால் தன் சீட்டை இரண்டுதரம் அழுந்தத் துடைத்தார்.

“குந்துங்க சார்” என்றார்.