ஒரே கோப்புக்கு மூன்று எண்

லிஃப்ட் மெக்கானிக்கை அவருடைய அக்கா சின்ன வயதிலேயே பம்பரம் என்று கூப்பிட ஆரம்பித்தார். ஐம்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. போகும்படி அவர் நடந்துகொள்ளவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய், ஆடுகிற நாற்காலிக் காலை முறுக்கிவிட்டு வருவார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், உள்ளே வாங்க என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் கதவுக் கீலின் கீச்சுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்திருப்பார். இருபத்தேழு வருட வேலையில் இந்தக் குணம் அவருக்கு நல்ல பெயர்தான் வாங்கிக் கொடுத்தது. வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது.

வீட்டில், துணி தேய்க்கும் மேஜைக்கு அடியில் ஒரு கருப்புப் பெட்டி இருந்தது. ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரில் இரண்டு பெரிய ஹார்டு டிஸ்க்குகளைப் பொருத்தி அவரே உருவாக்கிய சர்வர். எதைப் போட்டாலும் இரண்டிலும் ஒரே மாதிரி பதிவாகும். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். கல்யாண வீடியோ, மகள் முதன்முதலில் எட்டு வைத்த காட்சி, வீட்டுப் பத்திரங்களின் நகல் எல்லாமே அதற்குள்தான்.

மகள் விலங்கியலில் முதுகலை கடைசி வருடம் படித்தாள். தவளைகளின் குரல்தான் அவளுடைய ஆய்வு. எட்டு மாதமாகக் குளம், குட்டை, குவாரிப் பள்ளம் என்று அலைந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் சேர்த்திருந்தாள். "ரெக்கார்டர் கார்டுல வெச்சுக்காதம்மா, அது எப்ப வேணா கைய விரிச்சுடும். அப்பா பெட்டில போட்டுட்டு கார்ட அழிச்சுடு" என்று அவளுக்குச் சொன்னவர் அவர்தான்.

ஆய்வேட்டைக் கொடுக்கப் பன்னிரண்டு நாள் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது மகள் ஹெட்ஃபோனோடு வந்து நின்றாள்.

"அப்பா, இதக் கேளுங்க. தவளை கத்தற நடுவுல யாரோ விரல் சொடுக்கற மாதிரி கேக்குது. பதிவு பண்ணும்போது இது இல்லவே இல்ல."

கேட்டார். டொக் என்றது. கொஞ்சம் கழித்து மறுபடி டொக். ஒரு கால் ஷூவோடு போய்ப் பெட்டியில் பழைய படங்களைத் திறந்து பார்த்தார். கல்யாணப் படம் ஒன்றில் மனைவியின் நெற்றி வரை சரியாக இருந்தது; அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மாட்டிய ஷூவைக் கழற்றினார்.

"ஒண்ணுமில்லம்மா, டிஸ்க் போயிருக்கும். மாத்திட்டா சரியாப் போயிடும்" என்றார். கம்பெனிக்கு லீவு சொன்னார். இரண்டு டிஸ்க்கும் ஆரோக்கியமாக இருக்கின்றன என்று சர்வரே ஓர் அறிக்கை கொடுத்தது. அறிக்கைக்கு என்ன தெரியும் என்று அதைத் தள்ளிவிட்டு, மதியத்துக்குள் புது டிஸ்க் வாங்கி வந்து, பழையதில் ஒன்றைக் கழற்றித் தன் கருவிப் பையில் போட்டார். மிச்சமிருந்த டிஸ்க்கிலிருந்து புதியதற்கு எல்லாம் நகலாகட்டும் என்று விட்டார்.

சனிக்கிழமை காலை பார்த்தால் நிலைமை முன்னைவிட மோசம். நேற்று முழுதாக இருந்த படங்கள் இன்று பாதியாக இருந்தன. நேற்று பாதியாக இருந்த ஒன்று, என்ன காரணமோ, இன்று முழுதாகத் திறந்தது. அதுதான் அவரை இன்னும் கலக்கியது. கேபிளை மாற்றினார். வேறு பிளக்கில் சொருகினார். மகள் அறை வாசலில் நின்று ஒவ்வொரு தடவையும் "சரியாச்சா?" என்று கேட்டாள். அவரால் உட்காரவே முடியவில்லை. பழுது பார்க்கும் ப்ரோக்ராம் ஒன்று உண்டு. அதை ஓடவிடலாம் என்று கை வைக்கும்போது மனைவி வேலை முடிந்து வந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு இருபது வருட வேலை.

"என்னங்க, கைய எடுங்க."

"ஒரு நிமிஷம். இத ஓட விட்டா அதுவே சரி பண்ணிடும்."

"எத வெச்சு சரி பண்ணும்? எது சரி, எது தப்புன்னு உங்களுக்கே தெரியல, அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே கைப்பையை இறக்கி வைத்தார். "எங்க லேப்ல ரிசல்ட் கோணலா வந்தா, அதே ரத்தத்த அதே மெஷின்ல இன்னொரு தடவ போடுவோம். ரெண்டு தடவையும் ஒரே எண் வந்தா கோளாறு ரத்தத்துல. வேற வேற வந்தா கோளாறு மெஷின்ல. நீங்க ரெண்டாவது தடவ போட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதற்கான வழி அவர் கையிலேயே இருந்தது. ஒரு கோப்பை முழுக்கப் படித்து நீளமான எண் ஒன்றைக் கணக்கிடும் கட்டளை அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். மாறாவிட்டால் ஆயிரம் தடவை கேட்டாலும் அதே எண்தான் வர வேண்டும். கல்யாண வீடியோவைக் கொடுத்தார். பெரிய கோப்பு, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் ஆனது. மனைவி ஒரு காகிதத்தில் எண்களின் கடைசி ஆறு இலக்கங்களை எழுதிக்கொண்டே வந்தார். மூன்று தடவைக்கு மூன்று எண்.

"டிஸ்க்க விடுங்க. படிக்கறவன்தான் உளர்றான்" என்றார் மனைவி.

அவருக்குச் சட்டென்று புரிந்தது. டிஸ்க்கிலிருந்து எடுப்பதையும் அதில் எழுதுவதையும் நடுவில் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்வது ரேம். பெட்டிக்குள் இரண்டு ரேம் இருந்தன. முதலாவது ஆரம்பத்திலிருந்தே இருந்தது. இரண்டாவதை, யாரும் கேட்காமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி இன்னும் வேகமாக ஓடட்டும் என்று ஐந்து மாதத்துக்கு முன்னால் எங்கோ கிடந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து மாட்டியவர் அவரேதான்.

பால்கனிக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, அந்த இரண்டாவதை மட்டும் வைத்துச் சோதனை ஓட்டினார். நாற்பதாவது நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

"தூக்கிப் போட்டுடறேன்" என்றார்.

"போடுங்க. ஆனா மொதல்ல இருந்ததையும் டெஸ்ட் பண்ணுங்க. ஒண்ணு கெட்டதுன்னா இன்னொண்ணு நல்லதுன்னு ஆயிடாது."

அந்தச் சோதனை ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியம் ஒரு மணி வரை நடந்தது. பெட்டியைத் தொடக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு. அவர் குழாய் வாஷரை மாற்றினார். மாற்ற வேண்டாத இன்னொரு குழாயின் வாஷரையும் மாற்றினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு மகளின் அறைக்குப் போனார்.

"அம்மாடி, தப்பு என்னோடதுதான். அந்த ரேம நான்தான் மாட்டினேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதான் நல்லா ஓடிட்டிருந்துச்சேப்பா. எதுக்குக் கை வெச்சீங்க?"

சும்மா இருக்க முடியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் கிடையாது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

முதல் ரேமில் ஒரு பிழைகூட வரவில்லை. கருவிப் பைக்குள் கிடந்த பழைய டிஸ்க்கை எடுத்து, அதில் எதுவும் எழுதப்படாதபடி பூட்டி, படிக்க மட்டும் வைத்தார். கல்யாண வீடியோவுக்கு மூன்று தடவையும் ஒரே எண் வந்தது. கல்யாணப் படத்தில் மனைவியின் முகம் முழுசாக இருந்தது. புது டிஸ்க்குக்குப் போன நகல்தான் வழியில் கெட்டிருந்தது. அதை அழித்துவிட்டு, பழையதிலிருந்து மறுபடி எடுத்தார்.

ஆனால் கடந்த ஐந்து மாதத்தில் உள்ளே போனவை அந்தக் கெட்ட ரேம் வழியாகத்தான் போயிருந்தன. மகள் பதிவுகளைச் சேமித்த கோப்பு வகை, தன் சரியான எண்ணைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வகை. அதனால் எது கெட்டது என்று ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டையும் சோதித்தார்கள். இருபத்தாறு தேறவில்லை. அழித்த கார்டுகளில், மேலே வேறெதுவும் எழுதப்படாத இடங்களைத் துழாவிப் பதினைந்தை மீட்டார்கள். மிச்சம் பதினொன்று.

அந்தப் பதினொன்றையும் மகள் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டாள். பத்தில் அங்கங்கே ஒரு விநாடி, அரை விநாடி சேதம். வெட்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம். ஒன்று திறக்கவே இல்லை. குவாரிப் பள்ளத்தில் ஒரே ஒரு மழை மாலையில் கிடைத்த பதிவு அது. அன்றைக்கு அவள் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். அவர் கதவு வரை போய்ப் போய்த் திரும்பினார்.

"விடுங்க. அவ வெளிய வரட்டும், அப்பறம் பேசலாம்" என்றார் மனைவி.

வழிகாட்டிப் பேராசிரியர், நடந்ததை நடந்தபடி எழுதிவிடு, முந்நூற்றுப் பதினொன்று போதும் என்று சொன்னார். எழுதினாள். பின்னிணைப்பில் அரைப் பக்கம். 'வீட்டுச் சேமிப்பகத்தில் ஏற்பட்ட நினைவகப் பழுது' என்று இருந்தது. யார் மாட்டியது என்று இல்லை. அதை அப்பா அச்சுக் கடையில் நின்றபடி இரண்டு தடவை படித்தார். சொன்ன நாளில் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு மகள் தனக்கென்று சின்ன டிஸ்க் ஒன்று வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். பெட்டியிலும் ஒரு நகல் போடுகிறாள். ஆனால் கார்டை அழிப்பதற்கு முன் இரண்டு இடத்திலும் எண்ணைச் சரிபார்த்துக்கொள்கிறாள். அவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அவள் செய்வது சரி என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டார். மூன்றாவது நகல் இன்னொரு சின்னப் பெட்டியில் அக்கா வீட்டுக்குப் போயிற்று. அதைக் கொண்டுபோய் வைத்த மறுநாள் காலையிலேயே அக்கா ஃபோனில் கூப்பிட்டார்.

"டேய், இது என்னடா, மூலையில உக்காந்துக்கிட்டு விடாம முனகுது? உள்ள யாராவது இருக்காங்களா?"

"ஃபேன் சத்தம்க்கா. பயப்படாத. கைய மட்டும் வெச்சுடாத."

"அத நீ சொல்ற பாரு" என்று அக்கா சிரித்தார்.

அவரும் சிரித்தார். ஃபோனை வைத்ததும் அந்த ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் என்ன என்று தோன்றி, எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்தார். மனைவி நிமிர்ந்து பார்த்தார். அவர் குப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.