மாமி விரும்பிய துறைமுகம்

எங்கள் கரையில் சரக்குத் துறைமுகம் கட்டப்போகிறார்கள் என்ற கதை வந்தபோது ஊரில் சந்தோசப்பட்ட ஒரே ஆள் மாமிதான். மற்றவர்களுக்குப் பயம்தான். கரைவலை இழுக்கிற மணலெல்லாம் இறங்குதுறைக்கும் பாரந்தூக்கிக்கும் போய்விட்டால் நாங்கள் எதைத் தின்பது? கடலை அளக்க வந்தவர்களுக்கு அப்பா முகமே கொடுக்கமாட்டார்.

மாமியோ அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோவார். சீனிப் போத்தலோடு நானும் பின்னால் போவேன். கண்ணாடி போட்ட ஐயா ஒருவர் மணலில் கோடு கீறிக் காட்டினார். இது கப்பலைக் கொண்டுவந்து கட்டி நிறுத்துகிற இடம், இது கொண்டெய்னர் அடுக்குகிற முற்றம். கொண்டெய்னரைப் பற்றி மாமிக்கு என்ன அக்கறை?

“ஆக்களும் இறங்கலாந்தானே?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா, இறங்கலாம்,” என்று சிரித்தார் அந்த ஐயா. பாவம், அவருக்கு என்ன தெரியும்.

சண்டையின் கடைசி மாதங்களில், காயப்பட்ட மாமாவை இந்தக் கரையிலிருந்துதான் வள்ளத்தில் கொண்டுபோய்த் தூரத்தில் நின்ற கப்பலில் ஏற்றினார்கள். மாமிக்கு வள்ளத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறகு தேடிப்போன எந்த ஆஸ்பத்திரியிலும் மாமா இல்லை. கப்பலில் போனவர் கப்பலில்தான் வருவார் என்று மாமி இருந்தார். கல்லறைத் திருநாளில், செத்துப்போனவர்களின் கல்லறையில் கொளுத்த ஊரே மெழுகுதிரியோடு சேமக்காலைக்குப் போகும். மாமி மட்டும் கதவைச் சாத்திக்கொள்வார். அவரைக் கூப்பிட அம்மாவுக்கும் வாய் வராது. மாமா அம்மாவின் ஒரே தம்பி.

ஒருநாள் அந்த ஐயா சாமான்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“இஞ்சை சரிவராது அக்கா. ஆழம் காணாது. கப்பல் கரைக்கு வராது.”

“ஒருநாளும் வராதோ?”

“வராது அக்கா.”

ஊருக்கு உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை வைத்து, கோயில் முற்றத்தில் கஞ்சி காய்ச்சினார்கள். அப்பா கனகாலத்துக்குப் பிறகு வாய்விட்டுப் பாடினார். மாமி வரவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த கஞ்சியும் ஆறிப்போய்க் கிடந்தது. ஊரே சிரிக்கும்போது இவருக்கு மட்டும் என்ன வந்தது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வருடக் கல்லறைத் திருநாளன்று, நாங்கள் கூப்பிடாமலே மாமி எங்களோடு சேமக்காலைக்கு வந்தார். மாமாவுக்கென்று அங்கே கல்லறை இல்லை. மதில் ஓரத்து வெறும் மணலில் ஒரு மெழுகுதிரியை நட்டார்.

“காத்துக்கு நூராமல் கையை வைச்சுக்கொள்ளு பிள்ளை,” என்றார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து, “மாமிக்குச் சுகம் வந்திட்டுதம்மா, அவாவும் திரி கொளுத்திறா,” என்றேன். அம்மா அப்படியே மணலில் குந்தியிருந்து, தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தி அழத் தொடங்கினார். நல்ல செய்தி சொன்னதற்கு ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.