புகைக்குழாயில் திணித்த கோணி

இந்த பர்மிங்காம் ஊரில் வெந்நீருக்கு விறகு வேண்டாம், ஊதுகுழல் வேண்டாம். குளியலறைச் சுவரில் ஒரு வெள்ளை இரும்புப் பெட்டி தொங்குகிறது, கெய்சர் என்கிறார்கள். குழாயைத் திருகினால் உள்ளே கேஸ் குப்பென்று பற்றிக்கொள்ளும், கொதிக்கக் கொதிக்க நீர் வரும். கப்பலை விட்டு இறங்கிய புதிதில் அதை வேடிக்கை பார்ப்பதே எங்களுக்குப் பொழுதுபோக்கு. என் மனைவி செல்லம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"ஏனுங்க, நெருப்பு எரியுது, பொகையவே காணமே. எங்கீங்க போகுது?"

"சீமை நெருப்புக்குப் பொகை கெடையாது புள்ள" என்றேன். நாளெல்லாம் இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் நிற்கிறவன் நான். நெருப்பைப் பற்றி எனக்கே பாடமா என்ற மிதப்பு.

அவள் கொல்லிமலையில் பைல் நாடு என்னும் பகுதிக்காரி. நான் அடிவாரத்துப் பேளுக்குறிச்சி. கல்யாணமான வருஷம் மார்கழியில் மாமனார் வீட்டுக்கு மலையேறிப் போயிருந்தேன். புல் வேய்ந்த வீடு, ஜன்னலே கிடையாது. அப்படியும் சுவர் இடுக்கில் குளிர்காற்று வந்து அறைந்தது. நான் நடுங்குவதைப் பார்த்து மாமனார் பழைய கோணி ஒன்றைக் கிழித்து இடுக்குகளில் திணித்தார். உள்ளே அடுப்பு எரிய, சுகமாகத் தூங்கினேன். விடிந்து வெளியே வந்தால் கூரை முழுவதும் புகை கசிந்துகொண்டிருந்தது. நான் கற்றுக்கொண்டது கோணியை மட்டுந்தான். கூரையைக் கவனிக்கவில்லை.

இங்கே கெய்சரின் தலையிலிருந்து ஒரு தகரக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. பனி கொட்டத் தொடங்கியதும், குளிர் அதன் வழியாகத்தான் இறங்குகிறது என்று முடிவு கட்டினேன். கொல்லைப்புறம் ஏணி போட்டு ஏறி, குழாயின் வாயில் கோணியைத் திணித்தேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதன்பின் ஞாயிறுதோறும், எங்கள் இரண்டு வயது மகள் மல்லிகாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்தால் செல்லம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். கடைத்தெருப் பக்கம் நடந்தால் சரியாகிவிடும். தெருவாசலில் எதிர்ப்பட்ட வீட்டுக்கார வெள்ளைக்காரரிடம், குளித்தால் மனைவிக்குத் தலை வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், "ஃப்ளூவாக இருக்கும், உடனே பார்" என்று சொல்லிவிட்டு ஓடினார். எனக்குத் தெரிந்த ஃப்ளூ ஒன்றுதான், காய்ச்சல். மாத்திரை வாங்கினேன். காய்ச்சலுக்குக் காற்று ஆகாது என்று, குளியலறையில் அவள் ஒருக்களித்து வைத்திருந்த ஜன்னலையும் இழுத்துச் சாத்தினேன்.

அடுத்த ஞாயிறு நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் கண்ணாடி உடையும் சத்தம்.

"எஞ்சாமி மல்லிகா கண்ணத் தொறக்க மாட்டேங்குதுங்க!"

பித்தளைச் சொம்பால் ஜன்னலை உடைத்துவிட்டு, ஈரக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, தள்ளாடியபடி கொல்லைப் பனிக்குள் ஓடினாள். குழந்தையின் தலை துவண்டு தொங்கியது.

"பனியில எதுக்குப் புள்ள கொண்டு போற? காய்ச்சலு!" என்று கத்தினேன்.

"காய்ச்சலில்லீங்க! ரூமுக்குள்ள மூச்சில்லீங்க!"

மல்லிகா ஒருமுறை விக்கினாள், பிறகு வீறிட்டாள். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு காகிதத்தில் பெட்டியை வரைந்தார், குழாயை வரைந்தார். எரிந்த கேஸ் வெளியேற வழியில்லாமல் அறைக்குள்ளேயே நஞ்சாகத் தங்கியிருக்கிறது, அதற்கு மணமுமில்லை நிறமுமில்லை என்று நிதானமாகச் சொன்னார். குழாய்க்குக் கீழே அதன் இங்கிலீஷ் பெயரை எழுதினார்: ஃப்ளூ. நான் அங்கேயே, நர்ஸுகள் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன்.

இங்கே பிழைக்க வந்திருக்கும் நம்மவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் புகைக்குழாயை அடைக்காதீர்கள். ஜன்னலில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். நெருப்பு நீலம் மாறி மஞ்சளாக எரிந்தால் உடனே அணைத்துவிட்டு கேஸ் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். குளிருக்கு இன்னொரு கம்பளி போட்டுக்கொள்ளலாம்.

செல்லம்மா 'ஊடு' என்று சொன்னால் அது பைல் நாட்டு வீடுதான். இந்த வீட்டை ரூம் என்றே சொல்வாள். இப்போது ஞாயிறு வந்தால் நான் உள்ளே வெந்நீர்க் குழாயைத் திருகிவிட்டு, மல்லிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். செல்லம்மா சேலைமேல் கோட்டு மாட்டிக்கொண்டு, கொல்லையில் ஏணி ஏறி, புகைக்குழாயின் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டுவாள். சூடு பட்டதும் அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

"ஊடு மூச்சு உடுதுங்க!"

எந்த ஊடு என்று நான் கேட்பதில்லை. குழந்தையைத் தண்ணீரில் இறக்குகிறேன்.