மடிக்குழந்தைக்குத் தள்ளி ஓர் இருக்கை

விமான டிக்கெட் விற்கிற தொழிலில், ஊர்ப் பெயர்களைவிட அதிகமாகக் காதில் விழுவது "குழந்தை இல்லாத பக்கமாப் போடுங்க" என்பதுதான். எண்பதுகளில் மலேசியாவின் கோலசிலாங்கூர் கடைத்தெருவில் ஒரு டிக்கெட் அலுவலகத்தில் நான் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தேன். பக்கத்து மடியில் வீறிடும் குழந்தையோடு கடல் தாண்டியவர்களே, உங்களுக்குக் கேட்டவர்களின் சங்கடம் புரியும்.

சுவர் வரிசையும் புகை வரிசையும்

இரண்டு வயது ஆகும்வரை குழந்தைக்குத் தனி இருக்கை கிடையாது, அம்மா மடிதான். தொட்டில் மாட்டுகிற வசதி முன்னால் சுவரையொட்டிய வரிசையில் இருந்ததால், கைக்குழந்தைக்காரர்களை அங்கேதான் உட்கார வைப்பார்கள். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் மெட்ராஸ் போக வந்து, குழந்தைச் சத்தமே கேட்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். நானும் கோலாலம்பூருக்குப் போன் போட்டுக் கெஞ்சி, கடைசி வரிசைக்குச் சொல்லி வைத்தேன்.

அந்தக் காலத்தில் சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒதுக்கியதும் பின்வரிசைகள்தான். திரும்பி வந்த கிராணி இருமிக்கொண்டே சொன்னார்: "அழுவுற புள்ளைக்காச்சும் பாலைக் குடுத்து அடக்கலாம்லா. சிகரெட்டு பிடிக்கிறவன் வாயில என்னத்த வைக்கிறது?"

ஊர்கோலம்

ஷாகுல் பாய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பங்குக் கடை. ஒரு பங்காளி இங்கே கடையைப் பார்க்கும்போது மற்றவர் தமிழ்நாட்டில் சொந்த ஊரில் குடும்பத்தோடு இருப்பார். அவர் திரும்பி வந்தால்தான் இவர் போகலாம். முறை வரும்போதெல்லாம் பாய் என்னிடம் வந்து, குழந்தைக்குத் தள்ளி இடம் கேட்பார். சத்தம் பிடிக்காத மனுஷர் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒருமுறை முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் நடுவில் நல்ல இடமாக வாங்கிக் கொடுத்தேன். ஆனால் மெட்ராஸ் விமானத்தில் நம் ஜனங்கள் குழந்தையை ஓர் இடத்தில் இருக்க விடுவார்களா? முன்வரிசை அம்மா கை வலிக்கிறது என்றதும் பின்வரிசை அக்கா வாங்கினாள், அவளிடமிருந்து ஒரு பாட்டையா வாங்கினார், அப்படியே ஊர்கோலம் போய்க் கடைசியில் பாய் மடியில் படுத்துத் தூங்கிவிட்டதாம். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கோபமில்லை. "எங்க உக்காந்தாலும் தேடி வந்துருது தங்கச்சி. அடுத்த தடவை ஜன்னல் ஓரமாப் போடுங்க."

மாற்றிக் கேட்டார்

அடுத்த முறை நானே முந்திக்கொண்டு, ஜன்னல் ஓரம்தானே என்றேன். இல்லையென்று தலையாட்டினார். அவருக்கு இரண்டு மகள்கள். இரண்டு பேரும் பிறந்தபோது அவர் இங்கே அடுப்படியில் நின்றிருந்தார். முறை வந்து ஊருக்குப் போவதற்குள் இரண்டும் நடக்கப் பழகிவிட்டன. அடுத்தவர் குழந்தை மடியில் வந்து படுத்தால் தாங்க முடியவில்லை, அதனால்தான் தள்ளி உட்கார்ந்தேன் என்றார்.

இப்போது ஊரில் மூன்றாவதாக ஒரு மகன். இன்னும் தவழவில்லை. "சுவர் வரிசைக்குப் பக்கத்துலயே போடுங்க. எப்படித் தூக்குறாங்கன்னு பார்த்துக்கிறேன்."

பங்காளியின் முறை

இடம் சொல்லி வைத்தாயிற்று. பாய் பக்கத்து மீனவக் கிராமமான பாசிர் பெனம்பாங்கில் கருவாடும் வாங்கிக் கட்டி வைத்துவிட்டார். அப்போது ஊரிலிருந்து பங்காளியின் தந்தி வந்தது: தன்னைப் பெற்ற உம்மா படுத்த படுக்கை, இப்போதைக்கு வர முடியாது. கடையைக் கொஞ்ச நாள் பூட்டிவிட்டுப் போங்களேன் என்று நான் சண்டையே போட்டேன். பூட்டினால் பங்காளி அங்கே நிம்மதியாக உட்கார மாட்டார் என்று பாய் டிக்கெட்டைத் திருப்பி என் மேசைமேல் வைத்தார். "மகன் வளருவான். உம்மா காத்திருக்க மாட்டாங்க தங்கச்சி."

அந்த உம்மா நெடுநாள் கிடந்தார். குறை சொல்லவும் மனம் வராது, பாயை நினைத்தால் ஆறவும் ஆறாது.

தனி இருக்கை

பங்காளி திரும்பி வந்து, பாய் கிளம்பியபோது மகனுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. விமானத்தில் ஏறினால் தனி இருக்கை வாங்க வேண்டிய ஆள். எந்தப் பக்கம் இடம் வேண்டும் என்று கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் போடச் சொன்னார்.

திரும்பி வந்ததும் எனக்கு அல்வாப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்தார். மகன் எப்படி இருக்கிறான் என்றேன். முதலில் இவரைக் கண்டாலே தன் உம்மா முந்தானைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்வானாம். மிட்டாய் நீட்டினாலும் அக்காமாரை அனுப்பி வாங்கிக்கொள்வானாம். பாய் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மடியில வந்து உக்காந்தான் தங்கச்சி, கடைசி நாள். வாசல்ல டாக்சி நிக்குது."

குழந்தையிடமிருந்து எத்தனையோ பேரைத் தள்ளி உட்கார வைத்துப் பேர் வாங்கிய எனக்கு, ஒரே ஒருவரைக் குழந்தையிடம் நேரத்தோடு கொண்டு சேர்க்கத் துப்பில்லாமல் போயிற்று.