சாந்தியின் கால்கள் அறியாத ஒன்பது கெஜம்

ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஆயர் தாவாருக்குப் போய் வந்தேன். என்னைவிட மூத்தவளான மாமா மகள் சாந்தியை, நாங்கள் இருக்கும் ஈப்போவுக்கு அழைத்து வருவதுதான் வேலை. ரப்பர் தோட்டங்களுக்கு இடையிலான பெண்கள் நூறு மீட்டர் ஓட்டத்தில் அவள் ஓட வேண்டும். முதல் இரண்டு பேருக்குப் பேராக் மாநிலக் குழுவில் இடம். மாமாவுக்கும் அத்தைக்கும் பால்மரம் சீவும் வேலை, விடுப்பு கிடைக்கவில்லை. ஆகவே நான் புறப்பட்டேன்.

ஈப்போவிலிருந்து ஆயர் தாவார் 43 மைல், அதாவது 69 கிலோமீட்டர். பஸ் கட்டணம் இரண்டு வெள்ளி ஐம்பது காசு. இரண்டு மணி நேரம் ஆகும். போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலம் வரும்போது தூங்கிவிடாதீர்கள். ரப்பர் மரங்களை வெட்டிய இடங்களில் இப்போது எண்ணெய் தரும் செம்பனைக் கன்றுகள் நிற்கின்றன.

மறுநாள் இருவரும் திரும்பினோம். சாந்தி ஈப்போவைப் பார்த்ததே இல்லை.

"இன்னும் எத்தனை கட்டை அண்ணே?" என்று கண்டக்டரிடம் கேட்டாள். தோட்டத்தில் மைலைக் கட்டை என்றுதான் சொல்வார்கள்.

"கட்டையெல்லாம் புடுங்கிட்டானுங்க தங்கச்சி. இப்ப எல்லாம் கிலோமீட்டர்லா. கணக்கு தெரிஞ்சவங்களக் கேளு."

அது போதும், எப்போதும் பையில் இருக்கும் என் கணக்கு நோட்டை எடுத்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

"அக்கா, உங்க தோட்டத்துத் திடல்ல எவ்வளவு தூரம் ஓடுவீங்க?" என்று சாந்தியிடம் கேட்டேன்.

"நூறு கெஜம். தோட்ட ஆபீஸ் கிராணி நாடா புடிச்சு அளந்து கோடு போட்டாரு."

"நாளைக்கு நூறு மீட்டர்!"

"நூறு நூறுதானே? புஸ்தகப் புழு, சும்மா இருலா."

நூறு மீட்டர் என்பது 109 கெஜம், ஒரு அடி, ஒரு அங்குலம். ஒன்பது கெஜத்துக்கு மேல் கூடுதல். அவளோ மூன்று வருடமாக நூறு கெஜக் கோட்டைத் தொட்டதும் நின்று பழகியவள்.

சாயங்காலம் ஈப்போவில் எங்கள் வீட்டுப் பக்கத்துச் சிலிபின் திடலில் சோதித்துப் பார்த்தோம். துணி காயப்போடும் கயிற்றை அடிக்கோலால் அளந்து, பத்து மீட்டர் நீளத்துக்கு வெட்டி, பத்து முறை வைத்தேன். நூறு கெஜம் முடிகிற இடத்தில் புல்லுக்குள் ஒரு குச்சியைச் செருகினேன். சாந்தியிடம் சொல்லவில்லை. அவள் காற்றுப் போல வந்தாள். சரியாகக் குச்சி இருந்த இடத்தில் வேகம் தளர்ந்தது. மறுபடி ஓடச் சொன்னேன். மறுபடி அதே இடம்!

குச்சியைக் காட்டியதும் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "தோத்துட்டு அப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"கோட்டை மறந்துடுங்க. நான் அதுக்கு அப்பால நிப்பேன். என்னைத் தொடணும், அவ்வளவுதான்."

இருட்டும் வரை அப்படியே ஓடினாள். ஒவ்வொரு முறையும் நான் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

மறுநாள் போட்டித் திடலில், ஓட்டம் முடியும் இடத்து நாடாவுக்குப் பின்னால், வேலியோரம் நின்றேன். பாதி தூரத்தில் சாந்தி நான்காவது. எழுபது மீட்டரில் மூன்றாவது. அந்தப் பொல்லாத இடம் நெருங்கியபோது இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டினேன். அவள் கண் என் மேலேயே இருந்தது. கால் தளரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் நாடாவோடு நின்றார்கள். சாந்தி மட்டும் நிற்காமல் வந்து என் மேல் மோதினாள். இருவரும் வேலியோடு விழுந்தோம்.

"எப்ப முடிஞ்சிச்சு?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"முன்னாடியே முடிஞ்சிச்சு. நீங்க ரெண்டாவது!"

போட்டிக்காக வெளியூர் போகிறவர்களுக்கு என் யோசனை இது. ஒரு நாள் முன்னதாகப் போங்கள். பழகிய தூரத்தையும் ஓடப்போகும் தூரத்தையும் ஒரே அளவில் எழுதிப் பாருங்கள். மைலைக் கிலோமீட்டராக்க, ஐந்து மைலுக்கு எட்டு என்று வைத்துக்கொண்டால் சாலைப் பயணத்துக்குப் போதும். ஓட்டத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. அங்குலம் வரை போங்கள்.

பேராக் குழுவில் சாந்தியை இருநூறு மீட்டரும் ஓடச் சொல்லியிருக்கிறார்கள். நான் உடனே நோட்டைத் திறந்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"கெஜத்துல மட்டும் சொல்லாதே. என் காலுக்குக் கேட்டுடும்."